ஊரை விட்டுப் போனவருக்கே ஊரின் பெயர்: ‘டிராவிட்’ என்ற குடும்பப் பெயர்

‘ராகுல் டிராவிட்டின் பெயரில் இருப்பது திராவிடம் என்ற சொல்தானா? அப்படியானால் அவர் தமிழரா? வீட்டில் மராத்தி பேசும் பிராமணக் குடும்பத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?’ என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு விடை, ஆம், அதே சொல்தான். நம் செய்தித்தாள்கள் ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘டிராவிட்’ என்று எழுதிப் பழகிவிட்டன. அதனால் அது டேவிட், டெரிக் வரிசையில் வரும் பெயர்போலக் காதில் விழுகிறது. மராத்திக்காரர் ஒருவரிடம் எழுதிக் காட்டச் சொன்னால் ‘த்ரவிட’ என்று மூன்றே எழுத்துகளில் எழுதுவார். நம் தேசிய கீதத்தில் ‘திராவிட உத்கல வங்க’ என்று வருகிறதே, குறில் நெடில் வேறுபாட்டைத் தவிர்த்தால் அதே சொல். அந்த வரியைக் கவனித்தால் இன்னொன்றும் விளங்கும். பஞ்சாப், சிந்து, குஜராத், மராட்டா, திராவிட, உத்கல, வங்க என்று தாகூர் 1911இல் அடுக்கியவை எல்லாமே நிலப்பகுதிகள். அந்த வரிசையில் திராவிடமும் ஒரு நாட்டின் பெயர்தான். குடும்பப் பெயரில் இருப்பதும் அந்த நாட்டுப் பெயரே.

எந்த நாடு? ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங் திராவிட நாட்டுக்குத் தலைநகர் காஞ்சிபுரம் என்று குறித்திருக்கிறார். அவருக்கு அது பல்லவர் ஆண்ட தமிழ் நிலம். வடமொழி நூல்களில் இந்தச் சொல்லுக்கு இரண்டு அளவுகள் உண்டு. பிராமணர்களை விந்திய மலைக்கு வடக்கே ஐந்து கௌடர், தெற்கே ஐந்து திராவிடர் என்று பிரிக்கும் பழைய சுலோகம் ஒன்று இருக்கிறது. அதன்படி கர்நாடகர், தைலங்கர் (தெலுங்கர்), திராவிடர், மகாராஷ்டிரர், கூர்ஜரர் ஆகிய ஐவரும் ‘பஞ்ச திராவிடர்’. பட்டியலை மறுபடி படித்துப் பாருங்கள். ஐந்து திராவிடருக்குள் ஒருவர் பெயரும் திராவிடர். வெளியே பெரிய வட்டம், உள்ளே சிறிய வட்டம், இரண்டுக்கும் ஒரே பெயர். பெரிய வட்டத்தில் மராட்டியரும் குஜராத்தியரும்கூட அடங்குகிறார்கள். சிறிய வட்டம் தமிழ் வழங்கிய நிலம். பழைய வழக்கில் கேரளமும் அதனுள் சேரும்.

மகாராஷ்டிரத்தில் ஒரு குடும்பத்துக்கு ‘த்ரவிட’ என்று பெயர் வந்தால் எந்த வட்டத்தைச் சொல்கிறார்கள் என்பதற்கு இங்கேயே விடை இருக்கிறது. பெரிய வட்டத்தின்படி மராட்டிய பிராமணர் அனைவருமே திராவிடர். எல்லோருக்கும் பொருந்துவதைச் சொல்லி ஒருவரை அடையாளம் காட்ட முடியாது. ஆகவே அந்தப் பெயர் வேலை செய்வது சிறிய வட்டத்தின் பொருளில்தான். ‘எங்களுக்குத் தெற்கே, கன்னடம் தெலுங்கு நாடுகளுக்கும் அப்பால், தமிழ் பேசும் நாட்டிலிருந்து வந்தவர்கள்’ என்பதுதான் அதன் பொருள்.

சொல்லின் பிறப்பையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பாலி மொழி மகாவம்சத்தில் ‘தமிள’ என்ற வடிவம் இருக்கிறது. சமண நூலான சமவாயாங்க சூத்திரம் எழுத்து வகைகளைப் பட்டியலிடும்போது ‘தமிளி’ என்கிறது. வடமொழிப் புலவர் தண்டியின் அவந்திசுந்தரி கதையில் ‘த்ரமிள’ வருகிறது. இவற்றை வரிசையாக வைத்தால் தமிழ், தமிள, த்ரமிள, த்ரவிட என்று ஒலி நகர்ந்து போனது கண்ணுக்குத் தெரியும். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், திராவிடத்திலிருந்து தமிழ் என்ற சொல் வந்ததாகக் கருதினார். பின்வந்த அறிஞர் பலர் அதைத் தலைகீழாகத் திருப்பினார்கள். நானும் பின்னவர்கள் பக்கம்தான். ழகரம் வாயில் வராதவர்கள் நம் மொழியின் பெயரைச் சொல்ல முயன்றபோது பிறந்ததே திராவிடம். அந்தச் சொல் வடக்கே போய், மராத்தியில் குடும்பப் பெயராகி, ஆங்கில எழுத்தில் ஏறி, ‘டிராவிட்’ ஆகி நம் விளையாட்டுப் பக்கங்களுக்குத் திரும்பியிருக்கிறது. தமிழ் என்று புறப்பட்ட சொல் நமக்கே அடையாளம் தெரியாமல் வீடு வந்து சேர்ந்திருக்கிறது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் ஒரு நெகிழ்ச்சி உண்டாகும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் யாருக்காவது ‘திராவிட்’ என்று குடும்பப் பெயர் பரம்பரையாக இருக்கிறதா? எனக்குத் தெரிந்து இல்லை. இருக்கவும் காரணமில்லை. மதுரையில் யாரையும் மதுரைக்காரர் என்று அழைக்க மாட்டார்கள். திருச்சிக்குப் போனால்தான் அவர் மதுரைக்காரர். ஊர்ப் பெயர் ஒட்டிக்கொள்வது ஊரை விட்டு வெளியே வந்த பிறகுதான். தூரம் கூடக்கூட அந்தப் பெயரின் அளவும் பெரிதாகும். வலங்கைமானில் பிறந்தவர் கும்பகோணத்தில் வலங்கைமான்காரர், சென்னையில் தஞ்சாவூர்க்காரர், டெல்லியில் மதராசி, லண்டனில் இந்தியர். பக்கத்து வீட்டாருக்கு எது தெரியுமோ அதுதான் பெயராகும். சென்னை மாகாணம் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகியும் ‘மதராசி’ வடக்கே நிற்கிறதல்லவா, இருநூறு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்தில் நின்ற சொல் திராவிடம்.

புனேயில் வேலை பார்த்த நாட்களில் இதை என் உடம்பிலேயே உணர்ந்தேன். ஒரு படிவத்தில் பெயர், தந்தை பெயர், ‘ஆட்நாவ்’ என்று மூன்று கட்டங்கள். ஆட்நாவ் என்றால் மராத்தியில் குடும்பப் பெயர். எனக்கு இருந்தது ஒரு தலைப்பெழுத்தும் ஒரு பெயரும். மூன்றாம் கட்டத்தைக் காலியாக விட்டேன். மேசைக்கு அப்பால் இருந்தவர் அதை ஏற்கவில்லை. “எந்த ஊர்?” என்று கேட்டார். சொன்னேன். அந்த ஊரை அவர் கேள்விப்பட்டதில்லை. கடைசியில் என் தந்தையின் பெயரே மூன்றாம் கட்டத்திலும் ஏறியது. புனேயிலிருந்து மராட்டிய அரசை நடத்திய பேஷ்வாக்கள் காலத்தில் இதே கேள்வியை எதிர்கொண்ட தமிழர் ஒருவருக்கு அந்தக் கட்டத்தில் ‘த்ரவிட’ என்று எழுதியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மராத்திக் குடும்பப் பெயர்களில் உள்ளூர்க்காரருக்கு வேறு முறை உண்டு. ஊர்ப் பெயரோடு ‘கர்’ சேர்ப்பார்கள். கோவாவில் மங்கேஷியைப் பூர்வீகமாகக் கொண்ட தீனாநாத் மங்கேஷ்கர் ஆனார். அவர் மகள் லதாவை உலகமே அறியும். சிறிய கிராமமாக இருந்தாலும் கேட்பவருக்கு அது தெரிந்திருந்தால் கிராமப் பெயர் போதும். வெகு தொலைவிலிருந்து வந்தவரின் கிராமம் யாருக்கும் தெரியாது. அப்போது கர் இல்லாமல் நாட்டின் பெயரே பெயராக நின்றுவிடும். த்ரவிட அப்படி நின்ற பெயர்.

அவ்வளவு தூரம் ஏன் போனார்கள்? பெரிய இழுவிசைகள் இரண்டு. ஒன்று காசி. தமிழர்க்கும் காசிக்கும் உள்ள போக்குவரத்து மிகப் பழையது. பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் அங்கே மடம் நிறுவினார். நகரத்தார் சத்திரம் இன்றும் இருக்கிறது. அனுமன் கட்டத்துத் தெருக்களில்தான் இளம் பாரதி 1898 முதல் சில ஆண்டுகள் வாழ்ந்தார். யாத்திரை போனவர்களில் சிலர் அங்கேயே தங்கி வேதமும் சாத்திரமும் கற்பித்தார்கள். இன்னொன்று புனே. பேஷ்வாக்கள் சிராவண மாதத்தில் வேத விற்பன்னர்களுக்குத் தட்சிணை வழங்குவார்கள். அதை நாடிப் பல நாட்டுப் பண்டிதர்கள் வந்தார்கள். அந்தத் தட்சிணைக்கென்று ஒதுக்கிய பணம் எவ்வளவு பெரியது என்றால், ஆங்கிலேயர் ஆட்சியைப் பிடித்தபின் அதிலிருந்து 1821இல் புனேயில் ஒரு சமஸ்கிருதக் கல்லூரியையே தொடங்கினார்கள். கற்றவர்கள் எங்கே ஆதரவு கிடைத்ததோ அங்கே போனார்கள், பிள்ளைகள் அந்த மண்ணின் மொழியைப் பேசினார்கள், பெயர் மட்டும் பழைய திசையைக் காட்டிக்கொண்டு நின்றது.

பெயரைத் தாங்கியவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர், பலரும் மறந்துபோன நடேஷ் அப்பாஜி த்ரவிட். கோபால கிருஷ்ண கோகலே 1905 ஜூன் 12ஆம் தேதி புனேயில் இந்திய ஊழியர் சங்கத்தைத் தொடங்கியபோது உடனிருந்த முதல் சில உறுப்பினர்களில் ஒருவர். அவர் பெயரைப் பிரித்துப் பாருங்கள். தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்ற வரிசை அச்சு அசல் மராத்தி முறை. அப்பாஜி மராத்தி நாட்டில் பழகிய பெயர். நடேஷ் மட்டும் தில்லையம்பலத்தை நினைவூட்டுகிறது. மராத்திக் குடும்பங்களில் அபூர்வமான அந்தப் பெயரை, த்ரவிட் என்ற பெயரோடு சேர்த்துப் பார்க்கும்போது, ஊர் மறந்த பின்னும் ஊர்த் தெய்வம் மறக்காமல் வந்த கதையாகவே எனக்குப் படுகிறது.

அதே சங்கத்தில் 1907இல் இன்னொருவர் சேர்ந்தார்: வி. எஸ். சீனிவாச சாஸ்திரி. கோகலே 1915இல் மறைந்தபின் சங்கத்தின் தலைவரானவர் இவர்தான். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்து நேரே அங்கு போனவர். அவருடைய முதல் தலைப்பெழுத்தான ‘வி’ எதைக் குறிக்கிறது? வலங்கைமானை. நேரே வந்தவர் தன் கிராமத்தைத் தலைப்பெழுத்தாகக் கொண்டு வந்தார். மராத்தி முறைப்படி பெயர் அமைந்துவிட்ட நடேஷ் அப்பாஜிக்கோ ஒரு முழு நாடே பெயராக நின்றது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் பெயரில் தமிழ்நாடு இல்லை. மராத்தி உலகத்தைச் சேர்ந்தவர் பெயரில் இருக்கிறது. ‘த்ரவிட்’ என்ற பெயரை விளக்க ஒரே ஒரு எடுத்துக்காட்டுதான் சொல்லலாம் என்றால் இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவேன்.

காசியிலும் இந்தப் பெயர் கல்விப் பரம்பரையாகவே நீடித்தது. இருபதாம் நூற்றாண்டில் ராஜேஸ்வர சாஸ்திரி த்ரவிட் நியாய சாத்திரத்தில் பெரும் புலமை பெற்றவராக விளங்கினார். அங்குள்ள சாங்கவேத வித்யாலயத்தோடு அவர் பெயர் இணைந்தது. அதே நகரத்துக் கணேஸ்வர சாஸ்திரி த்ரவிட்டின் பெயர் 2024 ஜனவரியில் எல்லாச் செய்திகளிலும் வந்தது. அயோத்தி ராமர் கோயில் பிரதிஷ்டைக்கு முகூர்த்தம் குறித்துக் கொடுத்தவர் அவர். அப்போதும் நம் ஊரில் பலர் ‘காசிப் பண்டிதருக்கு டிராவிட் என்று பெயரா?’ என்று வியந்தார்கள்.

வியப்புக்குக் காரணம் எனக்குப் புரிகிறது. தமிழ்நாட்டில் வளர்ந்த நமக்குத் ‘திராவிடம்’ என்றதும் நினைவுக்கு வருவது 1944இல் சேலத்தில் பெயர் பூண்ட திராவிடர் கழகமும் அதையொட்டி வளர்ந்த அரசியலும்தான். அங்கே அந்தச் சொல் ஓர் இனத்தையும், பிராமணர் அல்லாதார் உரிமைக் குரலையும் குறிக்கிறது. அந்தப் பொருளோடு போய்க் காசிப் பண்டிதர் பெயரைப் படித்தால் முரணாகத்தான் தெரியும். ஆனால் கால்டுவெல் அதை ஒரு மொழிக் குடும்பத்தின் பெயராக நிலைநாட்டியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில். அயோத்திதாசர் 1891இல் திராவிட மகாஜன சபை அமைத்து அதை ஒடுக்கப்பட்டோரின் அடையாளமாக உயர்த்தியது அதற்குப் பின். குடும்பப் பெயரோ நிலப்பெயர் என்ற பழைய பொருளிலேயே தங்கிவிட்டது. ஒரு பொருள் இன்னொன்றைப் பொய்யாக்கவில்லை. நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தைத் ‘திராவிட வேதம்’ என்று வைணவர்கள் சொல்வார்களே, அங்கே அந்தச் சொல்லுக்குத் தமிழ் என்று மட்டுமே பொருள். ‘த்ரவிட்’ குடும்பங்கள் அந்தப் பழைய வழக்கின் வாரிசுகள்.

இந்தப் பெயருக்கு நாடெங்கும் உறவினர் உண்டு. மாளவத்திலிருந்து பிரயாகைக்குக் குடியேறிய குடும்பம் என்பதால்தான் மதன் மோகனர் மாளவியா ஆனார்; 1861இல் அவர் பிறந்தது அலகாபாத்தில். காசியில் வாழ்ந்து 1887இல் மறைந்த பெருந்துறவி திரைலிங்க சுவாமியின் பெயர் தெலுங்கு நாட்டிலிருந்து வந்தவர் என்பதைச் சொல்கிறது. பிறந்த மண்ணில் அவரை அப்படி யாரும் அழைத்திருக்க மாட்டார்கள். பீஜாப்பூர் வட்டாரத்துப் பீளகியில் பிறந்த பாடகி அமீர்பாய், இந்தித் திரையில் புகழ்பெற்றபோது அமீர்பாய் கர்நாடகி ஆனார். கடல் கடந்தும் இதே விதிதான். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1792இல் திப்புவை உடன்படிக்கைக்கு இணங்க வைத்த கார்ன்வாலிஸ் பிரபுவின் சிலையைச் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் பார்த்திருப்பீர்கள். கார்ன்வாலிஸ் என்றால் கார்ன்வால்காரர். கார்ன்வால் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை. அவர் குடும்பத்தின் மாளிகை இருந்த சஃபோக் நேர் எதிரே கிழக்குக் கரை.

நம் மண்ணுக்குள்ளேயும் ஒன்று சொல்லலாம். தொண்டைமான் என்றால் தொண்டை நாட்டை உடையவன். அந்த நாடு காஞ்சியைச் சுற்றியது. ஆனால் அந்தப் பட்டத்தோடு 1948 வரை ஆண்ட அரசர்கள் இருந்ததோ தெற்கே புதுக்கோட்டையில். திருப்பதிப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பதே அவர்கள் வம்சத்து வழக்கு. தொண்டை நாட்டின் வட எல்லை அது. இலங்கை மலையகத் தமிழர்களின் தலைவராக விளங்கிய சௌமியமூர்த்தி தொண்டமான் வழியாக அதே பெயர் கடலையும் தாண்டியது.

இனி, கேட்டவரின் இரண்டாம் கேள்வி. ராகுல் டிராவிட் தமிழரா? 1973 ஜனவரி 11ஆம் தேதி இந்தூரில் பிறந்தார். வீட்டு மொழி மராத்தி. வளர்ந்தது பெங்களூரில், ரஞ்சிக் கோப்பையில் ஆடியது கர்நாடகத்துக்காக. தந்தை ஒரு ஜாம் நிறுவனத்தில் வேலை பார்த்ததால் தோழர்கள் வைத்த செல்லப் பெயர் ‘ஜாமி’. மொழியாலும் வளர்ப்பாலும் அவர் கர்நாடகத்தில் வளர்ந்த மராத்தியர். அவரைத் தமிழர் என்று உரிமை கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பெயர் காட்டும் திசை வேறு, மனிதர் வாழும் வாழ்வு வேறு. தலைமுறைகளாக ஒரு குடும்பம் மராத்தியைத் தன் மொழியாக ஏற்று, மராத்திச் சமூகத்தோடு கலந்துவிட்டது என்றால், அந்தத் தேர்வுக்கு நாம் மதிப்புத் தர வேண்டும். பெயர் சொல்வது இவ்வளவுதான்: எப்போதோ ஒரு முன்னோர் தமிழ் நாட்டிலிருந்து நடந்து போனார், அவரைப் புது ஊர் அப்படி அழைத்தது. எந்தக் கிராமம், எந்த ஆண்டு என்று அந்த மூன்றெழுத்தைப் பிழிந்து எடுக்க முடியாது. வேறு சான்றில்லாமல் ஊர் பெயரைச் சொல்லிச் சுற்றும் கதைகளை நான் நம்புவதில்லை.

இருந்தாலும் ஒரு நாளைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. 2008 மார்ச் இறுதியில் சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்ட். சேவாக் 319 ஓட்டங்கள் அடித்த ஆட்டம் என்பதால் எல்லோர் நினைவிலும் அதுதான் நிற்கிறது. அதே இன்னிங்ஸில் டிராவிட் 111 ஓட்டங்கள் எடுத்தார். டெஸ்ட் ஆட்டங்களில் அவருடைய பத்தாயிரமாவது ஓட்டம் வந்தது அப்போதுதான். காவஸ்கருக்கும் டெண்டுல்கருக்கும் பிறகு அந்த எண்ணைத் தொட்ட மூன்றாம் இந்தியர். முதல் இருவர் பெயரும் ‘கர்’ என்று முடிகிறது. மூன்றாமவர் பெயர், அவர் அன்று நின்றுகொண்டிருந்த நாட்டின் பெயர்.